‘பார்க்கலாம்’ என்று சொல்லும் மேனேஜரும் ஒரு மணல்போக்கியும்

இன்னைக்கு விருந்தாளி யாரும் இல்லை, நான் மட்டும்தான். ஸ்ரீரங்கம் வீட்டு மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல ரயில் சத்தம் கேட்டா மன்னிச்சுக்கோங்க, எடிட்ல எடுக்கப் பார்த்தேன், முடியலை.

நீங்க அனுப்புற குரல் செய்திகள்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "ப்ரோ, நான் சொல்ற ஐடியாவை எங்க மேனேஜர் காதுலயே வாங்க மாட்டேங்கிறார். என்ன பண்றது?" இதுக்கு யூடியூப்ல ஆயிரம் வீடியோ இருக்கு. கண்ணைப் பார்த்துப் பேசு, நம்பிக்கையா உட்காரு, அப்படின்னு. நான் அதெல்லாம் செஞ்சு பார்த்துத் தோத்தவன். அதனால முதல்ல அந்தத் தோல்வியைச் சொல்லிடுறேன்.

நான் வேலை பார்க்கிற டீம் ஒரு பில்லிங் சாஃப்ட்வேரைப் பார்த்துக்குது. கம்பெனி பேர் வேண்டாம். மாசக் கடைசி ராத்திரி ஒரு பெரிய ஜாப் ஓடும். எல்லா வாடிக்கையாளருக்கும் பில் போடணும். ஒன்பது மணி நேரம் ஆகும். ஏழாவது மணி நேரத்துல எங்கேயாவது ஒரு தப்பான டேட்டா வந்து ஜாப் நின்னுச்சுன்னா, மறுபடி முதல்ல இருந்து ஓட்டணும். அந்த ஏழு மணி நேரம் ஆத்துல கரைச்ச புளிதான். யாராவது ஒருத்தர் விடிய விடிய உட்கார்ந்திருக்கணும். பெரும்பாலும் அது நான்தான்.

ரெண்டு வருஷம் பொறுத்துட்டு ஒரு பிரசன்டேஷன் தயார் பண்ணேன். நாற்பத்திரெண்டு ஸ்லைடு. மொத்த சிஸ்டத்தையும் உடைச்சுப் புதுசா எழுதணும், நாலு பேர், ஆறு மாசம். டயகிராம் எல்லாம் கலர் கலரா இருந்துச்சு. ஆறாவது ஸ்லைடுல மேனேஜர் போனைப் பார்க்க ஆரம்பிச்சாங்க. முடிஞ்சதும், "நல்லா இருக்குப்பா, பார்க்கலாம்"னாங்க.

பொண்ணு பார்க்க வந்து பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் சாப்பிட்டுட்டு, "ஊருக்குப் போய் கடுதாசி போடுறோம்"னு சொல்வாங்க இல்லையா, அதோட ஆபீஸ் வடிவம்தான் இந்த "பார்க்கலாம்".

அன்னைக்கு ராத்திரியே வேலை தேடுற சைட்ல ப்ரொஃபைலைத் தூசு தட்டினேன். கோபம் ஐடியா போச்சேன்னு இல்லை, என்னை மதிக்கலையேன்னு. ரெண்டும் வேற வேறன்னு அப்போ தெரியலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டுக்கு வந்திருந்தார். பொதுப்பணித் துறையில பாசனப் பிரிவுல வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மதகு, ஷட்டர், கலிங்குன்னு வாழ்ந்த மனுஷன். "ஏன்டா மூஞ்சி இப்படி இருக்கு? வா, முக்கொம்பு வரைக்கும் போயிட்டு வருவோம்"னார். என் வண்டியிலயே போனோம்.

திருச்சிக்காரங்களுக்கு முக்கொம்பு தெரியும். ஸ்கூல் டூர் போற இடம், காதலர்கள் போற இடம், மீன் வறுவல் சாப்பிடுற இடம். மத்தவங்களுக்காகச் சொல்றேன். திருச்சிக்கு மேற்கே ஒரு பதினெட்டு கிலோமீட்டர்ல காவிரி ரெண்டாப் பிரியுது. தெற்கே போறது காவிரி, வடக்கே போறது கொள்ளிடம். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தீவுதான் ஸ்ரீரங்கம். தீவோட கிழக்கு முனையில ரெண்டு ஆறும் மறுபடி கிட்டத்தட்ட ஒட்டிக்க வருது. அப்படி ஒட்டிக்கிட்டா காவிரித் தண்ணி எல்லாம் கொள்ளிடத்துல கொட்டிடும். கொட்டாம தடுத்துத் தஞ்சாவூர் பக்கம் திருப்பி விடறது கல்லணை. கரிகாலன் கட்டினான்னு நாம பள்ளிக்கூடத்துல படிச்சது.

கம்பி வேலி ஓரமா நின்னு பெரியப்பா கேட்டார், "உங்க மேனேஜருக்கு ராத்திரி தூக்கம் வராம பண்றது என்னடா?" தெரியலைன்னேன். "அது தெரியாம நாற்பத்திரெண்டு பக்கம் எப்படிடா எழுதின?"ன்னார். அப்புறம் காட்டன் கதையைச் சொன்னார்.

ஆர்தர் காட்டன். 1803ல பிறந்தவர். பதினெட்டு வயசுல, 1821ல, மெட்ராஸுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியோட ராணுவப் பொறியாளரா வந்தார். 1828ல காவிரியைப் போய்ப் பாருன்னு அவரை அனுப்பினாங்க. அப்போ அவருக்கு வயசு இருபத்தஞ்சு. இங்கே கேட்டுட்டு இருக்கிற நிறைய பேரோட வயசுதான். அவருக்கும் மேலே ஒரு மேனேஜர், அந்த மேனேஜருக்கு மேலே மெட்ராஸ்ல வருவாய் வாரியம், அதுக்கும் மேலே கவர்னர், எல்லாருக்கும் மேலே லண்டன்ல கம்பெனி இயக்குநர்கள். ஒரு அப்ரூவல் வர்றதுக்கு ஆறு மாசம் கப்பல்ல போகணும். நம்ம மெயிலுக்கு ரெண்டு நாள் பதில் வரலைன்னு அழுறோம்.

பிரச்சினை என்னன்னா, கொள்ளிடத்தோட படுகை தாழ்வா இருக்கு, பாதையும் நேரா இருக்கு. தண்ணிக்கு எது சுலபமோ அங்கேதான் அது போகும். வருஷா வருஷம் வெள்ளத்துல தண்ணி கொள்ளிடத்துக்கு அதிகமாப் போகுது, காவிரியில மணல் ஏறுது. மணல் ஏற ஏறத் தண்ணி இன்னும் கம்மியா வருது. தண்ணி கம்மியானா மணல் இன்னும் ஏறுது. இப்படியே விட்டா ஒரு நாள் காவிரி தூர்ந்து போய் தஞ்சாவூர் டெல்டா காஞ்சுடும். கடல் பக்கம் போற கொள்ளிடத்துல மட்டும் தண்ணி ஓடிக்கிட்டு இருக்கும். கம்பெனி சும்மா இருக்கலை. 1804ல கேப்டன் கால்டுவெல்னு ஒருத்தர் ஆராய்ஞ்சு, கல்லணையை உயர்த்தினாங்க. கால்டுவெல்னதும் ஒப்பிலக்கணம் எழுதினவரான்னு கேட்காதீங்க, அவர் வேற. அணையை உயர்த்தியும் மணல் தீரலை.

இங்கே காட்டன் இடத்துல நான் இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன் தெரியுமா? பழைய கல்லணையை இடிச்சுட்டுப் புதுசாக் கட்டணும்னு நாற்பத்திரெண்டு ஸ்லைடு போட்டிருப்பேன்.

அவர் பண்ணது வேற. 1830 வாக்குல முதல்ல கல்லணையிலயே மணல்போக்கி வச்சார். அதாவது அணையோட அடியில மதகு. வெள்ளம் வரும்போது திறந்தா தேங்கின மணலைத் தண்ணியே இழுத்துட்டுப் போயிடும். அணை அப்படியே இருக்கு, யாரோட பழைய வேலையையும் தப்புன்னு சொல்லலை, செலவு சின்னது, ஒரு வெள்ளத்துல பலன் தெரிஞ்சுடும். ஆனா அது மட்டும் போதாது, ஏன்னா நோயோட தலை கல்லணையில இல்லை, மேலே முக்கொம்புல இருக்கு. கொள்ளிடத்தோட வாயிலயே குறுக்கே ஒரு தடுப்பு போட்டாத்தான் தண்ணி காவிரிக்குத் திரும்பும். அந்தப் பெரிய வேலை அதுக்கப்புறம்தான் வந்தது. 1836ஐ ஒட்டி முக்கொம்புல மேலணை, கீழே கொள்ளிடத்துல அணைக்கரைகிட்ட கீழணை, ரெண்டும் எழும்பினது.

வரிசையைப் பாருங்க. முதல்ல சின்னது, அதுக்கப்புறம் பெருசு. அவர் தந்திரமா இப்படித் திட்டம் போட்டாரா, இல்லை வேலை போன போக்கான்னு எல்லாம் நான் சண்டை போட மாட்டேன். ஆனா கேட்கிறவங்க இடத்துல இருந்து பார்த்தா, ஏற்கனவே ஒண்ணைச் செஞ்சு காட்டின ஆள் வந்து ரெண்டாவதைக் கேட்கிறான்.

அடுத்தது, யாரோட கணக்குல பேசினார்ங்கிறது. தஞ்சாவூர் 1799ல கம்பெனி நிர்வாகத்துக்குள்ள வந்தது. கம்பெனிக்கு அந்த டெல்டான்னா நிலவரி. காட்டன் மனசுல விவசாயிகள் மேல உண்மையான அக்கறை இருந்துச்சு, அதை அவர் மறைச்சவரும் இல்லை. ஆனா அவரோட எழுத்துல, 1854ல வந்த இந்தியப் பொதுப்பணிகள் பத்தின புத்தகம் வரைக்கும், ஓயாம வர்றது இந்த மாதிரிக் கணக்குதான்: இவ்வளவு போட்டா இவ்வளவு திரும்ப வரும், போடாம விட்டா இவ்வளவு போகும். இது நல்லதா கெட்டதாங்கிறது தனி விவாதம். வெள்ளைக்காரன் வரிக்காகத்தானே செஞ்சான்னு கமெண்ட் வரும். ஆமா, வரிக்காகத்தான் சம்மதிச்சான். நான் சொல்ல வர்றதும் அதுதான். சம்மதிக்கிறவங்க நம்ம காரணத்துக்காகச் சம்மதிக்கணும்னு அவசியம் இல்லை. அவங்க காரணத்துக்காகச் சம்மதிச்சாலும் தண்ணி வயலுக்குத்தான் போகும்.

மூணாவது விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. முக்கொம்புல ஆத்துல தோண்டினா மணல், அதுக்குக் கீழே மணல், அதுக்கும் கீழே மணல். பாறை கிடையாது. அதுமேல எப்படி அணை கட்டுவே, அடிச்சுட்டுப் போயிடாதான்னுதான் எந்த மேலதிகாரியும் கேட்பார். நியாயமான பயம். அதுக்குப் பதில் கிழக்கே நூற்றாண்டு நூற்றாண்டா நின்னுட்டு இருந்துச்சு. கல்லணைக்குக் கீழேயும் மணல்தான். பெரிய கல்லுங்களை மணல்ல இறங்க விட்டு, அது மேல அடுக்கி, களிமண்ணை வச்சு இறுக்கின கட்டு. ஆழம் தெரியாத மணல்ல அஸ்திவாரம் போடுறதை இந்த ஊர்க்காரங்ககிட்டதான் கத்துக்கிட்டோம்னு காட்டன் பின்னால வெளிப்படையாவே எழுதினார். மேலணையும் ஒண்ணும் மலை மாதிரி இல்லை. உயரம் சுமாரா ஆள் உயரம், நீளம்தான் அதிகம்.

நாம இதுக்கு நேர் எதிரா பண்றோம். "இதை யாரும் பண்ணதே இல்லை, நாமதான் முதல்ல"ன்னு பெருமையாச் சொல்றோம். கேட்கிற மேனேஜர் காதுல அது எப்படி விழும்? "இது உடைஞ்சா உன் தலைதான் முதல்ல உருளும்"னு விழும்.

சரி, என் கதைக்கு வரேன். முக்கொம்புல இருந்து திரும்பி வந்து ஒரு வாரம் நான் கோடே எழுதலை. எண்ணிக்கிட்டு இருந்தேன். பழைய லாக் எல்லாம் எடுத்தேன். பன்னிரண்டு மாசத்துல அந்த ஜாப் ஏழு தடவை நின்னிருக்கு. மறுபடி ஓட்டினதுல போன மணி நேரம் எத்தனை, மறுநாள் காலையில பில் லேட்டாப் போனதால வந்த புகார் எத்தனை. அப்புறம் டீ பிரேக்ல மேனேஜர்கிட்ட ஐடியா எதுவும் சொல்லாம, "மேடம், மாசக் கடைசியில உங்களுக்கு எந்த போன் வந்தா பயமா இருக்கும்?"னு மட்டும் கேட்டேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாங்க. அப்புறம் சொன்னாங்க. பில் ஒரு நாள் தாமதமானா ஒப்பந்தப்படி அபராதம் இருக்கு. அது அவங்க பட்ஜெட்ல கழியும். ரெண்டு தடவை கழிஞ்சிருக்கு. மேலே விளக்கம் கேட்டு அவங்களை உட்கார வச்சிருக்காங்க.

ரெண்டு வருஷமா அதே ஜாப்புக்காக ராத்திரி முழிச்சவன் நான். அபராதம்னு ஒண்ணு இருக்கிறதே எனக்குத் தெரியாது. கேட்டதில்லை.

அடுத்த தடவை நான் போனது ஒரே ஒரு பக்கத்தோட. புதுசா எழுதறதைப் பத்தி அதுல ஒரு வார்த்தை கிடையாது. ஜாப் எங்கே நிக்குதோ அந்த இடத்தை எழுதி வச்சுக்கிட்டு, திரும்ப அங்கே இருந்தே ஆரம்பிக்கிற மாதிரி ஒரு சின்ன மாற்றம். நான் ஒருத்தன், ரெண்டு வாரம். பிடிக்கலைன்னா ஒரு செட்டிங்கை மாத்தினா பழையபடி ஓடும். மேலே அந்த ஏழு தடவை, எவ்வளவு மணி நேரம், எத்தனை புகார், ரெண்டு அபராதம். எங்க கம்பெனியிலயே வேற ஒரு டீம் இதே மாதிரி பண்ணி வச்சிருந்தாங்க, அதையும் ஒரு வரி போட்டேன். எங்க கல்லணை அது. மேனேஜர் நின்னுக்கிட்டே படிச்சாங்க. "திங்கட்கிழமை ஆரம்பி"ன்னாங்க. அவ்வளவுதான். மூணு நிமிஷம் கூட இல்லை.

சொல்றதுக்கு எனக்குக் கொஞ்சம் கூச்சமா இருக்கு. ஏன்னா அந்தப் பழைய நாற்பத்திரெண்டு ஸ்லைடுல இந்த ஐடியாவும் இருந்துச்சு. முப்பத்தோராவது ஸ்லைடுல. ஒரு புள்ளியா.

கதை இங்கேயே முடிஞ்சா சினிமா. முதல் மாசக் கடைசியில ஜாப் நின்னுச்சு, என் மாற்றம் வேலை செஞ்சது, விட்ட இடத்துல இருந்து ஆரம்பிச்சது. ஆனா மூணு வாடிக்கையாளருக்கு ரெண்டு ரெண்டு பில் போயிடுச்சு. ஒரு விளிம்பு நிலையை நான் யோசிக்கலை. காலையில ஆறரைக்குத் தெரிஞ்சுது. வயித்துக்குள்ள என்னமோ புரண்டுச்சு. ரெண்டு வழி இருந்துச்சு. பேசாம டேட்டாபேஸ்ல சரி பண்ணிட்டு யாருக்கும் தெரியாம விட்டுடலாம், இல்லை போன் பண்ணலாம். போன் பண்ணேன். ஆறே முக்காலுக்கு. "மேடம், தப்பு என் கோடுதான், மூணு பேருக்கு ரெண்டு தடவை போயிருக்கு, எட்டு மணிக்குள்ள சரி பண்ணிடுறேன்." அந்தப் பக்கம் ஒரு நீளமான அமைதி. அப்புறம், "வாடிக்கையாளர் கூப்பிடறதுக்கு முன்னாடி சொன்னியே, அதுவே போதும்"னு வச்சுட்டாங்க.

பெரியப்பாகிட்ட இதைச் சொன்னப்போ சிரிச்சார். மேலணைக்கும் இதே கதிதான்னார். அணை ரொம்ப நல்லா வேலை செஞ்சுடுச்சு. இப்போ காவிரிக்குத் தண்ணி அளவுக்கு மீறி வர ஆரம்பிச்சுது. காவிரிப் படுகை அரிச்சு ஆழமாச்சு, கொள்ளிடத்துல மணல் ஏற ஆரம்பிச்சுது. அப்படியே தலைகீழ் பிரச்சினை. 1843ல அணையோட நடுப்பகுதியைக் கொஞ்சம் இறக்க வேண்டியதாச்சு. 1845ல காவிரியோட வாயிலயும் குறுக்கே ஒரு தடுப்புச் சுவர் போட்டாங்க, படுகை மேலும் அரிக்காம இருக்க. யோசனையை ஏத்துக்கிட்ட உடனே வேலை முடியலை. ஆத்தோட பல வருஷம் பேசிக்கிட்டே இருந்திருக்காங்க. அதே மேலணையில 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி ஒன்பது ஷட்டர் அடிச்சுட்டுப் போனது நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நான் அப்போ காலேஜ். மறுநாள் எல்லாரும் வேடிக்கை பார்க்கக் கிளம்பினோம். பெரியப்பா மட்டும் சாப்பிடாம டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தார்.

காவிரியில கிடைச்ச பலனைக் காட்டித்தான் அடுத்தது கோதாவரி. அங்கே பஞ்சம், வருவாய் சரிவு. 1844ல அந்த மாவட்டத்தை விசாரிச்ச ஹென்றி மாண்ட்கோமரிங்கிற அதிகாரியே, தஞ்சாவூர்ல செஞ்ச மாதிரி இங்கேயும் செய்யலாமான்னு பார்க்கச் சொன்னார். காட்டன் அறிக்கை கொடுத்தார். 1847ல தவளேஸ்வரத்துல வேலை ஆரம்பிச்சு, 1852ல முடிஞ்சுது. ஆந்திராவுல அந்தப் பக்கம் போனீங்கன்னா ஊருக்கு ஊர் அவருக்குச் சிலை இருக்கும்.

ஆனா இதே மனுஷன் பின்னாடி தோத்தார். இதைச் சொல்லாம விட்டா நான் உங்களை ஏமாத்தினதா ஆகும். இந்தியா பூரா ஆறுகளைக் கால்வாயால இணைக்கணும், ரயிலுக்குச் செலவு பண்றதை விட்டுட்டுப் படகுப் போக்குவரத்துக்குச் செலவு பண்ணணும்னு கடைசி வரைக்கும் வாதாடினார். அவர் ஆதரிச்ச கர்னூல் கடப்பா கால்வாய்க் கம்பெனி நஷ்டத்துல போய், 1882ல அரசாங்கமே அதை வாங்க வேண்டியதாச்சு. 1878ல லண்டன்ல நாடாளுமன்றக் குழு முன்னாடி அவரைக் கேள்வி கேட்டாங்க. எழுபத்தஞ்சு வயசு. நாடு பூரா கால்வாய்ங்கிற அந்தக் கனவு நடக்கலை.

இருபத்தேழு வயசுல ஒரு மணல்போக்கி. எழுபத்தஞ்சு வயசுல மொத்த நாடு. பெரிய ஐடியா தப்புன்னு நான் சொல்லலை, அவர் சொன்னதுல பலது சரியாவும் இருந்திருக்கலாம். ஆனா ரயில்ல ஏற்கனவே பணம் போட்டவங்ககிட்ட போய் ரயிலே வேஸ்ட்டுன்னா, கேட்கிறவனுக்கு ஆமான்னு சொல்ல வழியே இல்லை. ஆமான்னா அவன் இத்தனை வருஷம் செஞ்சது தப்புன்னு ஒத்துக்கிட்டதா ஆயிடும். என் நாற்பத்திரெண்டு ஸ்லைடுலயும் அதுதான் இருந்துச்சு. அந்தப் பழைய சிஸ்டத்தை முதல்ல எழுதினது யார்னு நினைக்கிறீங்க? எங்க மேடம்தான். எட்டு வருஷம் முன்னாடி. அவங்க எதிர்லயே நின்னு, "இது குப்பை ஆர்க்கிடெக்சர்"னு மூணாவது ஸ்லைடுல போட்டிருக்கேன். (சிரிப்பு) ஆறாவது ஸ்லைடு வரைக்கும் உட்கார்ந்திருந்ததே பெரிய மனசு.

ஒண்ணு மட்டும் அவசரமாச் சொல்லிடுறேன். நீங்க எந்தக் கணக்குல பேசினாலும் கேட்காத ஆளுங்க இருக்காங்க. உங்க ஐடியாவை வாங்கித் தன் பேர்ல மேலே அனுப்புறவங்களும் இருக்காங்க. அங்கே இந்த எபிசோட் உதவாது. அதுக்கு வேலை தேடுற சைட்தான். ஆனா அந்த முடிவுக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது அவங்க பயம் என்னன்னு கேட்டிருக்கணும். நான் கேட்கல, அதனால எனக்கு ரெண்டு வருஷம் போச்சு.

என் ப்ரொஃபைல் இன்னும் அந்த சைட்ல இருக்கு, மறைக்க மாட்டேன். இந்த வாரம் ரெண்டாவது ஐடியாவோட போனேன். பில் போடுற பகுதியை மட்டும் தனியாப் பிரிக்கிறது, இது கொஞ்சம் பெருசு, மூணு மாசம் ஆகும். மேடம் கேட்டுட்டு, "பார்க்கலாம்"னாங்க. எனக்குச் சட்டுனு பழைய கோபம் எட்டிப் பார்த்துச்சு. கதவுகிட்ட போறப்போ பின்னாடி இருந்து, "இதுல முதல் மூணு வாரத்துல என்ன தெரியும்னு ஒரு பக்கம் எழுதிக் கொடு"ன்னாங்க.

அதைத்தான் இப்போ எழுதிக்கிட்டு இருக்கேன். பாதி முடிஞ்சிருக்கு. மாசக் கடைசி வேற இந்த வெள்ளிக்கிழமை வருது. அடுத்த எபிசோட் ஒரு நாள் தாமதமானா காரணம் உங்களுக்கே தெரியும். பார்ப்போம் மக்களே.